தரை தெரியணும்

ராமையா அண்ணன் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே நான் நிறைய ரொட்டியைக் கருக்கியிருக்கிறேன். கருகின ரொட்டியைத் தின்றவர்களில் என் மகள் ஷஹீதாவும் ஒருத்தி. “எழுதி வச்சிட்டு வேலையப் பாருங்க அத்தா” என்றாள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

என் பெயர் கமருதீன். பத்து காஜா டவுனுக்குப் போகிற பழைய ரோட்டில், ஏழாங்கட்டை முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. தே தாரிக், நுரைக்க ஆற்றின தேத்தண்ணி, வாங்கினவன் சீனி போட்டாயா என்று இரண்டாவது தடவை கேட்டாலே எனக்கு ஏறிவிடும். இந்த விஷயத்திலும் அப்படித்தான், எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. கடைசியில் ஒருத்தர் மேலும் அது நிற்கவில்லை.

ஏழாங்கட்டைத் தோட்டம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் ராமையா அண்ணனுக்கு வெளிக்காட்டு வேலை. பாலுக்காக மரம் சீவுவது அவர் மனைவி முத்தம்மா அக்கா. மரத்தடியில் புல் பூண்டு இல்லாமல் செதுக்குவது அண்ணன். வேலையை மேய்க்கிற மண்டோர் சைக்கிளில் வருவானாம். நிரைக்கு நிரை குனிந்து பார்ப்பானாம். “தரை தெரியணும்” என்று ஒரே பேச்சுதான் பேசுவானாம். ஒரு பச்சைத் தழை அவன் கண்ணில் பட்டால் போச்சு, மறுபடி நிரையின் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்ணன் செதுக்கின நிரையில் மட்டும் அவன் குனிய மாட்டானாம். இதை அக்கா என்னிடம் சொல்லும்போது ஏதோ கவர்னர் கையால் பதக்கம் வாங்கின மாதிரி சொல்வார்.

தோட்டத்தை விற்றார்கள். புல்டோசர் வந்து பால்மரங்களைத் தள்ளியது. மரத்தோடு மேல்மண்ணையும் சுரண்டிக்கொண்டு போனது. மற்றவர்கள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப்போக, இவர்கள் இரண்டு பேரும் தொழிலாளர் வீட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். செம்மண், கையில் எடுத்தால் ஒட்டாது. அதில் கொக்கோ வைத்தார்கள். நிழலுக்கு நடுவில் வாழை. பக்கத்தில் புதிதாக வந்த வீட்டுப் பகுதியில் அண்ணன் பகலெல்லாம் தோட்ட வேலை பார்ப்பார். கொக்கோவைப் பார்க்க அவருக்கு நேரமே இருக்காது. அது தன்னால் வளர்ந்தது. அடிமரத்தில் குட்டிக் குட்டியாகப் பூத்து, பூத்த இடத்திலேயே காயும் தொங்கியது. முதல் காயை அக்கா என் கடைக்குக் கொண்டுவந்து உடைத்துக் காட்டினார். உள்ளே வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக இருந்தது. இதிலிருந்தா சாக்லெட் வருகிறது என்று ரஸ்னா, என் பெண்டாட்டி, நம்பவே இல்லை.

அப்புறம்தான் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது.

பத்து காஜா ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வலது கை துணி மாதிரிக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பேச்சு இல்லை. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு இருந்தார். நாற்காலி இருந்தது, ஆனால் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணன் வாசலில் கட்டிலிலேயே கிடந்தார். கை அசைய வேண்டும், கால் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படியே இறுகிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். ரப்பர் பந்து ஒன்று கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அவர் அதைத் தொடவே இல்லை. பந்தை வைத்து விளையாடுகிற வயசா அது?

ஒருநாள் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, ஈர்க்குமாற்றை அந்தக் கையில் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டி, கொக்கோ மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். கீழே கணுக்கால் வரைக்கும் சருகு. அண்ணன் அதைப் பார்த்தாராம். ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு கை அசைந்தது. இடது கையால் வலது கையைத் தள்ளித் தள்ளி, ஒரு மரத்தடியைக் கூட்டி முடித்திருக்கிறார். முடித்துவிட்டு வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். “சுத்தம்.” நோய் வந்த பிறகு அவர் பேசின முதல் வார்த்தை அது. அக்கா என் கடைக்கு ஓடிவந்து அழுதார். நானும் அழுதேன், அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் கூட்டுவார். விடிந்தால் மரத்தடி, வெயில் ஏறினால் வீடு. முதலில் ஒரு மரம், அப்புறம் ஒரு நிரை, அப்புறம் தோப்பு முழுக்க. கைக்கட்டு அவிழ்ந்தது. தடி இல்லாமல் நடந்தார். குழறிக் குழறியாவது நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார். கூட்டின சருகைக் கால்வாய் ஓரம் குவித்து அக்கா நெருப்பு வைப்பார். தோப்பின் தரை எங்கள் பள்ளிவாசல் முற்றம் மாதிரிப் பளிச்சென்று இருக்கும். உட்கார்ந்து சோறு தின்னலாம். வருகிறவன் போகிறவன் எல்லாம் சொல்வான், ராமையா தோப்பைப் பார், எவ்வளவு அழகு என்று. நானும் சொன்னேன். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அழகெல்லாம் சரி, காய் எங்கே? அடுத்த வருஷம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் பூ பூத்துப் பூத்து உதிர்ந்தது, காயாகவில்லை. இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பானது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சிவப்பாக ஓடிக் கால்வாயில் விழுந்தது. வேலி ஓரத்தில், சரிவுக்குக் கீழே, முனியாண்டி சாமி கல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு மரம் மட்டும் தொங்கத் தொங்கக் காய்த்தது. முனியாண்டி அருள் என்று அக்கா அங்கே போய்ச் சுருட்டும் எலுமிச்சம் பழமும் வைத்தார். சாமிக்கு ஒரு மரம்தான் கண்ணில் பட்டதா என்று நான் கேட்டேன். “வாய வச்சுக்கிட்டு சும்மா இரு கமரு” என்றார்.

இந்த நேரத்தில்தான் மகன் பவித்ரன் ஆரம்பித்தான். ஈப்போவில், புந்தோங்கில் இருக்கிறான், தொழிற்சாலை வேலை. கெட்ட பிள்ளை இல்லை. அப்பா தனியாகத் தோப்பில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று அவனுக்குப் பயம். காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், இந்த மழைக்காலம் பார்ப்போம், இப்போதும் காய் பிடிக்கவில்லை என்றால் மரத்தைத் தள்ளிவிட்டு நிலத்தை எண்ணெய்ப் பனை போடுகிற செம்பனைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றான். அவன் இருப்பது அடுக்குமாடியில் நாலாவது மாடி. அண்ணனுக்கு அங்கே கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? அக்காவின் முகம் அன்றைக்கே பாதியாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுவாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பூட்ஸ் முழுக்கச் சேறு. என்னம்மா வேலை என்று கேட்டேன். மண் பார்க்கிற அரசாங்க வேலை, பெயர் கௌசிகா என்றாள். யாழ்ப்பாணத்து வம்சம், ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவள். ரொட்டி பிறகு தின்னலாம், முதலில் என்னோடு வா என்று மோட்டார் சைக்கிளில் முன்னால் போனேன். பாவம், பசியோடு காரில் பின்னால் வந்தாள்.

அவள் முதலில் தோப்பின் நடுவில் மண்வெட்டியைப் போட்டாள். டங்கென்று எகிறியது. போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள். அது அப்படியே நின்று, பிறகு சரிந்து ஓடியது. அடுத்து வேலி ஓரத்து மரத்தடிக்கு இறங்கினாள். அங்கே சருகு மெத்தை மாதிரிக் கிடந்தது. கையால் விலக்கினாள். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது, இரண்டு மண்புழு நெளிந்தன. மண்வெட்டி தன் பாரத்திலேயே உள்ளே இறங்கியது. இரண்டும் ஒரே நிலம், ஒரே நாற்று, ஒரே மழை.

கௌசிகா சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். கொக்கோ மண்ணைக் கெடுக்கிற மரம் இல்லையாம். விட்டால் மண்ணைத் தேற்றிக்கூட விடுமாம். தின்கிறதில் ஒரு பங்கை இலையாகத் திருப்பிக் கொட்டும், அது மக்கி மறுபடி மரத்துக்கே சாப்பாடாகும். நாம் காயைப் பறித்துக்கொண்டு போகிறோம், தோலையும் வெளியே வீசுகிறோம். அதோடு சருகையும் அள்ளி எரித்தால் மண்ணுக்கு வருகிறது ஒன்றும் இல்லை, போகிறது மட்டும்தான். மூடாத மண்ணை வெயில் சுட்டு மழை அடித்து இறுக்கிவிடும். இன்னொன்றும் சொன்னாள். கொக்கோப் பூவைக் காயாக்குவது தேனீ இல்லையாம். கொசுவை விடச் சின்னதாக ஒரு பூச்சி. அது குடியிருந்து குஞ்சு பொரிப்பது மக்கின ஈரச் சருகுக்குள்ளே. சருகு இல்லை, பூச்சி இல்லை. பூச்சி இல்லை, காய் இல்லை.

“இவ்வளவு சுத்தமா யார் கூட்டுறது?” என்று கேட்டாள்.

தோப்பின் அந்தப் பக்கம் சர்ர், சர்ர் என்று ஈர்க்குமாற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார், அந்தக் கோணல் சிரிப்பு. கையை உயர்த்திக் காட்டினார், வலது கையை.

எங்களோடு நின்ற அக்கா பட்டென்று சொன்னார்: “நான்தாம்மா கூட்டுறேன்.”

கௌசிகா சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். சரிம்மா என்றாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், மெதுவாகச் செய்யுங்கள், ஒரு மழைக்காலம் சருகை விட்டுப் பாருங்கள், திரும்ப வருகிறேன் என்றாள். அன்றைக்கு அவளுக்கு நான் ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை.

வேலி ஓரத்து மரம் ஏன் காய்த்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அண்ணனுடைய கால் அந்தச் சரிவில் இறங்காது. அவ்வளவுதான் அருள்.

நான் அக்காவிடம் சண்டை போட்டேன். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், அவர் என்ன சின்னப் பிள்ளையா, புரிந்துகொள்வார் என்றேன். அக்கா தே ஓ, பால் போடாத தேத்தண்ணி, தாப்பாவ் கட்டிக்கொண்டு போக வந்தவர், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டே நின்றார். எங்கள் கடையில் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

“அவரு கை திரும்பி வந்ததே அந்த வெளக்கமாத்தாலதான் கமரு. நீங்க சுத்தம் பண்ணி சுத்தம் பண்ணித்தான் மண்ணக் கொன்னீங்க, உங்களாலதான் தோப்பு போவுதுன்னு நா எப்படி அவருகிட்ட சொல்லுவேன்? சொன்னா அன்னிக்கே படுத்துருவாரு. அப்புறம் எந்திரிக்க மாட்டாரு.”

கூட்டினால் தோப்பு போகும், தோப்போடு அவர் நடக்கிற இடமும் போகும். கூட்டாதே என்றால் மனுஷனே போய்விடுவார். அக்கா மாட்டிக்கொண்ட இடம் அது. யார் மேல் கோபப்படுவது? செத்துப்போன மண்டோர் மேல்தான் பட்டேன்.

முதலில் அக்கா ஈர்க்குமாற்றை ஒளித்துவைத்துப் பார்த்தார். காணவில்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் போல என்றார். அண்ணன் தேடினார். கோழிக் கூண்டுக்குப் பின்னால், கிணற்றடியில், கட்டிலுக்குக் கீழே எல்லாம் தேடினார். பிறகு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வலது கை மடியில் மூடிக் கிடந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை, ராத்திரியும் இறங்கவில்லை. காலையில் அக்கா, இதோ கிடைத்துவிட்டது என்று தானே எடுத்துக் கொடுத்தார். என்னிடம் வந்து, பாவம் செய்துவிட்டேன் கமரு என்றார்.

அப்புறம் பிடித்தார் ஒரு வழி. பெண்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். கூட்டின சருகுக்கு நெருப்பு வைப்பதை நிறுத்தினார். காய்ந்த பிறகு எரித்துக்கொள்ளலாம் என்று சாக்குகளில் கட்டி வைத்தார். சாயங்காலம் அண்ணன் குளித்துவிட்டு டிவி பெட்டியின் முன்னால் உட்கார்வார். அந்த நேரம் பார்த்து அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போய், மரத்தடி மரத்தடியாகச் சருகைத் தூவிவிட்டு வந்துவிடுவார். காலையில் அண்ணன் பார்த்தால் தரை நிறையச் சருகு. அவரும் கூட்டுவார். கூட்டட்டும், எத்தனை தடவை கூட்டினாலும் நான் போட்டுக்கொண்டே இருக்கிறேன், இரண்டு மடங்கு போட்டால் பாதியாவது மண்ணோடு தங்காதா என்பது அக்காவின் கணக்கு.

சருகு போதவில்லை. அதற்குத்தான் என்னைப் பிடித்தார். என் கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு சாக்கு கொட்டும். அதைக் கூட்டி, தே தண்ணீர் வடிகட்டின தூளையும் தேங்காய்ப்பூச் சக்கையையும் சேர்த்து, மோட்டார் சைக்கிளில் வைத்துச் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல உள்ளவங்க குப்பைய வெளிய போடுறாங்க. என் மாப்புள குப்பைய மோட்டார்ல ஏத்தி ஊர்வலம் போறாரு” என்றாள். பதில் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது, ஆனால் குழம்பு அவள் கையில் இருந்ததால் பேசாமல் போனேன்.

தோப்பில் என்ன ஆனது தெரியுமா? அண்ணன் சாயங்காலமும் கூட்ட ஆரம்பித்தார். காலையில் ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும் ஒரு தடவை. மரம் ரொம்பக் கொட்டுகிறது போலிருக்கிறது என்று அக்கா அவரிடம் பொய் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அக்கா அதிகமாகப் போட, அண்ணன் அதிகமாகக் கூட்ட, இந்தப் பக்கம் நான் சாக்குச் சாக்காக ஏற்ற, மூன்று பேருக்கும் முதுகு ஒடிந்தது. மண்ணுக்கு மட்டும் ஒன்றும் தங்கவில்லை. மழைக்காலம் பாதி போய்விட்டது. பவித்ரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, செம்பனைக்காரனிடம் பேசிவிட்டேன், தீபாவளி கழித்து வந்து பார்ப்பான் என்றான்.

அண்ணன் இளைத்துப்போனார். கண்ணுக்குக் கீழே கறுத்தது. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், அப்போதாவது அக்காவை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கூட்டும்போது முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. அது சந்தோஷம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஒரு சாயங்காலம் நான் சாக்கோடு போய் இறங்கியபோது அக்கா தோப்பின் நடுவில் சருகு தூவிக்கொண்டிருந்தார். டிவி சத்தம் கேட்டது. ஆனால் அண்ணன் வீட்டுக்குள் இல்லை. தோப்பின் கோடியில், ஒரு வாழைக்குப் பின்னால் நின்று கூட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட வாய் திறப்பதற்குள் கால் மடிந்து உட்கார்ந்த மாதிரி விழுந்தார். அக்கா சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்காலில் சிராய்ப்பு. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூச்சு வாங்கியது. ஆனால் அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. சருகை நான்தான் போட்டேன் என்றார். மண் செத்துப்போகிறது, அந்தப் பெண் வந்து சொன்னாள், சருகு இல்லாமல்தான் காய் பிடிக்கவில்லை, உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பயந்துபோய்த் திரும்பத் திரும்பப் போட்டேன், உங்களை இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்ததும் நான்தான் என்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அக்கா அழுது முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்தார். அவருக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

“தெரியும்” என்றார். “பாத்தேன். அன்னிக்கே… சன்னல்ல.”

அக்கா நிமிர்ந்தார்.

“நீ போடுற. நான் கூட்டணும்னு போடுறன்னு… நெனச்சேன். என் கை… நல்லாவணும்னு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “மண்ணு… தெரியாது எனக்கு. நீ ஆசப்பட்டு போடுற. அதான் கூட்டினேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல் மடிந்தபடியே இருந்தது, விரியவில்லை.

“வலிக்குது முத்தம்மா. ரொம்ப நாளா.”

யா அல்லாஹ், எனக்கு அந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. இவர் அவருக்காகக் கூட்டியிருக்கிறார், அவர் இவருக்காகப் போட்டிருக்கிறார். நடுவில் நான் ஒரு கிறுக்கன், மோட்டார் சைக்கிளில் குப்பை ஏற்றியிருக்கிறேன். அந்த மனுஷனுக்குக் கூட்டுகிற ஆசை எப்போதோ தீர்ந்துவிட்டது. போதும் என்று சொன்னால் அக்கா மனசு உடைந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து விரல் விரலாக நீவிவிட்டார். அழுதுகொண்டேதான் நீவினார். இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து தோப்பை யாரும் கூட்டவில்லை. சாக்குகளில் மிச்சம் இருந்ததையும் அக்கா கொட்டிப் பரப்பினார், பகல் வெளிச்சத்திலேயே. தீபாவளிக்கு வந்த பவித்ரனிடம் அண்ணனே பேசினார். முழுதாக ஒரு வாக்கியம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. “இன்னும் ஒரு மழ பாப்போம்ப்பா” என்றார். அப்பா அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்பான்? செம்பனைக்காரனை இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கௌசிகா சொன்னபடி திரும்ப வந்தாள். தோப்பின் நடுவில் மண்வெட்டியைப் போட்டாள். மண் இன்னும் சிவப்புதான், வேலி ஓரத்து மண் மாதிரி ஆவதற்கு வருஷக்கணக்காகும் என்றாள். ஆனால் மண்வெட்டி எகிறவில்லை, ஒரு விரல்கடை உள்ளே போயிற்று. சருகைப் புரட்டினாள், ஒரு மண்புழு. அதை என்னிடம் காட்டினபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மரங்களில் எல்லாவற்றிலும் இல்லை, ஒன்றிரண்டில்தான் பிஞ்சு நின்றிருக்கிறது. நிற்குமா உதிருமா என்று தெரியாது. ஆனால் ஒன்றிரண்டில் நிற்கிறது.

அண்ணனுக்கு நடை வேண்டுமே? கௌசிகா வந்துபோன பிறகு அக்கா தினமும் காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் கடை வரைக்கும் நடத்திக்கொண்டு வருகிறார். மெதுவாக, நின்று நின்று வருவார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் நான் ரோட்டில் இறங்கிக் கத்துவேன். முதல் நாள் அக்கா வழக்கம் போல தாப்பாவ் என்று நின்றார். அண்ணன் நாற்காலியை இடது கையால் இழுத்து, அதைத் தட்டிக் காட்டினார். அக்கா உட்கார்ந்தார். நான் இரண்டு கிளாஸில் தே கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் ஆற அமர ஊதி ஊதிக் குடித்தார்கள், எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. வேலை செய்த மனுஷன் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, கஷ்டமாக இருக்காதா என்று நினைத்துக்கொண்டு, அக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து அவரிடம் கேட்டேன்.

அண்ணன் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். வார்த்தையைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

“கல்யாணம் ஆன நாளா… இவ உக்காந்து நான் பாத்ததில்ல கமரு.”

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ரஸ்னாவிடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்றேன். ஏன், உடம்பு சரியில்லையா, டாக்டரிடம் போகலாமா என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒன்றும் இல்லை, உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். பாதி தே குடிப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்தது. அடிப்பிடிக்கட்டும், இரு என்று சொன்னேன்.